மதுரங்குளியில் ஒரு ஹீட்டர்

மதுரங்குளியைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தலைப்பே சிரிப்பை வரவழைக்கும். கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் வீதியில், முந்தலைக் கடந்து பாலாவியை அடைவதற்கு முன்னர் வரும் ஊர் எங்களுடையது. தென்னந்தோட்டங்கள், இறால் பண்ணைகள், களப்புக் காற்று. இன்னும் சற்று வடக்கே போனால் உப்பளங்கள். உப்பு விளையும் மண்ணில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இந்த ஊரில்தான் 2025 பெப்ரவரியில், வீட்டு முற்றத்து மாமரத்தடியில், நானும் என் மருமகனும் இரண்டு நாட்கள் பாடுபட்டு ஒரு பழைய காருக்குப் புதிய ஹீட்டர் பூட்டினோம்.

வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: “என்ன நானா, இந்த வெயில் காணாதா?”

நியாயமான கேள்வி. அப்போது சிரித்துச் சமாளித்தேன். உண்மையான பதில் சற்று நீளமானது. அதில் எனக்குப் பெருமை தராத ஒரு பகுதியும் இருக்கிறது. முப்பது வருடங்களாக மற்றவர்களின் தவறுகளைப் பத்திரிகையில் எழுதிச் சம்பளம் வாங்கியவன், தன் தவறு ஒன்றையும் எழுதிவைப்பதுதான் முறை.

கார், 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானில் தயாரானது. அங்கே சில வருடங்கள் ஓடிய பின்னர் ரீகண்டிஷன் வாகனமாக இலங்கைக்கு வந்து, இரண்டு கை மாறி என்னிடம் சேர்ந்தது. “இதை விற்றுவிட்டு வேறொன்றை வாங்கலாமே” என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் கேட்பதுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்த நாட்டில் பழைய கார்களுக்கு ஏற்பட்ட மவுசை அவர்கள் அறியமாட்டார்கள். வருடம் ஏற ஏறப் பழைய கார்களின் விலையும் ஏறிய விநோதத்தை நாங்கள் பார்த்தோம். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்றோம். பின்னர் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவுக்கு எண்ணெய் வாங்கினோம். தனியார் வாகன இறக்குமதி மீண்டும் 2025 பெப்ரவரியில்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவும் சாதாரண மனிதர்கள் நினைத்துப் பார்க்க முடியாத வரிகளோடு. ஆகவே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே புத்தி.

ஆனால் இருப்பதை நான் சரியாகக் காப்பாற்றவில்லை.

2024 ஜூன் மாதமளவில் காருக்குள் ஒரு வாசனை வரத் தொடங்கியது. பாகு காய்ச்சும்போது வருவதைப் போன்ற, இலேசான இனிப்பு வாசனை. மனைவிதான் முதலில் கவனித்தார். “யாரும் இனிப்புச் சாமான் கொட்டினாங்களா?” என்று கேட்டார். பின்னர் முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் பூசியது போன்ற மெல்லிய படலம் படியத் தொடங்கியது. துணியால் துடைத்தால் போகும். இரண்டு நாளில் மீண்டும் வரும். இன்னும் சில வாரங்களில் இடது பக்கக் கால்மிதி ஈரமாகியது. “இங்க பாருங்க, செருப்பெல்லாம் ஒட்டுது” என்றார் மனைவி.

ஏசி தண்ணீர் என்று சொல்லி அவரை வாயடைத்தேன். ஏசியின் வடிகுழாய் அடைபட்டால் தண்ணீர் காருக்குள் கசிவது உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு வாசனையோ நிறமோ ஒட்டும் தன்மையோ இல்லை. இந்த வேறுபாட்டை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்ள முயலவுமில்லை. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய தொட்டியில் நீர்மட்டம் குறைந்துகொண்டே போனது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினேன். நான்கு மாதங்கள் இப்படியே ஓடின.

அந்த வருடம் ஒக்டோபரில், கொழும்பில் நண்பர் ஒருவரின் ஜனாஸாவுக்குப் போய்விட்டு இரவோடிரவாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அதிகாலை நாலரை மணி. சிலாபம் கடந்து, ஆரச்சிக்கட்டு கடந்து, பத்துளுஓயாவை நெருங்கும்போது மழை விட்டிருந்தது. கண்ணாடியில் உட்புறமாக ஆவி படர்ந்து எதிரே வரும் லொறிகளின் வெளிச்சம் சிதறித் தெரிந்தது. சூடான காற்றை அடித்தால் கண்ணாடி தெளியும் என்று எப்போதோ வாசித்தது நினைவுக்கு வந்தது. அந்தக் காரில் நான் ஒருநாளும் தொட்டறியாத சிவப்புப் பக்கத்துக்கு நெம்பைத் தள்ளி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டாஷ்போர்டின் மேற்பகுதியிலிருந்து வெள்ளைப் புகை போல ஏதோ கிளம்பியது. முன்கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதைப் போல வெளுத்துவிட்டது. பாதை இல்லை, மரம் இல்லை, எதுவும் இல்லை. பிரேக்கை மிதித்தபடி இடது பக்கம் ஒடித்தேன். மணலில் சில்லு இறங்கியது. அந்தக் கணத்தில் ஒரு தகரச் சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தபோது ஒரு முதியவர் மணலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சைக்கிள் ஒரு பக்கம், மீன் பெட்டி ஒரு பக்கம். உடப்பிலிருந்து மீன் கொண்டுபோகிறவர். கார் அவரை இடிக்கவில்லை; தன் மீது வருகிறது என்று கண்டு சைக்கிளோடு பாய்ந்திருக்கிறார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வேறு காயமில்லை. என் கைகால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் வாய் திறப்பதற்கு முன் அவர் பேசினார்.

“பிழை என்னிலதான் தம்பி. லைட் இல்லாம வந்திட்டன்.”

அந்த வாக்கியத்தை நான் மறுக்கவில்லை.

டோர்ச் வெளிச்சத்தில் இருவருமாக மீன்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டோம். மணல் ஒட்டிய மீனுக்கு விலை குறையும் என்றார். 2,000 ரூபாவை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்கிக்கொண்டார். “நீங்க நல்ல மனுசன்” என்றார். கண்ணாடியைத் துடைத்து, கதவுக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சைக்கிள் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன். வரும்வழியெல்லாம் என் காதில் இருந்தது அந்தக் கடைசிச் சொல்தான்.

பிரதேச நிருபராகத் தொழிலைத் தொடங்கிய காலத்தில் இந்தப் புத்தளம் வீதியின் விபத்துகளை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அச்சுக் கோத்து வைத்தது போன்ற வாக்கியங்கள் அவை. சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியை விட்டு விலகி... சைக்கிளில் சென்றவர் சம்பவ இடத்திலேயே... மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். ‘கட்டுப்பாட்டை இழந்த’ என்று எழுதும்போது அது ஏதோ ஒரு கணத்தில் வானத்திலிருந்து விழுந்த விடயம் போல இருக்கும். என் காரைப் பொறுத்தவரை அது ஜூன் மாதமே தொடங்கிவிட்டது. வாசனை வந்தது, படலம் வந்தது, மனைவியின் செருப்பு ஒட்டியது. செய்தியின் ஒரு வரிக்குள் இந்த நான்கு மாதங்களும் அடங்கியிருந்திருக்கும். வாசிப்பவர் யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் கராஜுக்குப் போனேன். பாஸ் மூடியைத் திறந்து, உள்ளே முகர்ந்து, கால்மிதியை விரலால் தொட்டுப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: “ஹீட்டர் கோர் போயிட்டுது சேர்.”

ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பி அளவுதான் இருக்கும். எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காரை ஓட்டுகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. அந்த நீர் எஞ்சினைச் சுற்றிவரும்போது 90 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். அதில் ஒரு பகுதியை இரண்டு ஹோஸ்கள் மூலம் டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள இந்தச் சிறு கூட்டுக்குள் ஓடவிட்டு, அதன் மீது காற்றை ஊதினால் சூடான காற்று கிடைக்கும். வீணாகும் வெப்பத்தை மனிதனுக்குப் பயன்படுத்தும் எளிய ஏற்பாடு. வெளிக்காற்றை இழுத்து, இப்படியொரு கூட்டின் வழியே செலுத்திக் காருக்குள் அனுப்பும் முறையை 1938 இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பனி பெய்யும் நாடுகளில் இது ஆடம்பரமல்ல. கண்ணாடியைத் தெளிய வைக்கும் வசதி இல்லாத புதிய காரை அமெரிக்காவிலோ கனடாவிலோ விற்கச் சட்டம் இடம் கொடுக்காது.

என் காரில் ஹீட்டருக்குப் போகும் வழியில் ஒரு வால்வு உண்டு. இலங்கைக்கு வந்த நாளிலிருந்து அது மூடியே கிடந்திருக்கிறது. ஆனாலும் திரும்பி வரும் ஹோஸ் எஞ்சினோடு இணைந்திருந்ததால் கூட்டுக்குள் நீர் தேங்கிக் கிடந்தது. அரிப்பு ஏற்பட்ட இடத்தினூடாகச் சொட்டியது. அன்றிரவு நெம்பைத் தள்ளியதன் மூலம், பழுதான கூட்டுக்குள் கொதிநீரை அழுத்தத்தோடு நானே திறந்துவிட்டேன். கண்ணாடியை வெளுக்க வைத்தது அந்த ஆவிதான்.

“இது எங்கட நாட்டுக்குத் தேவையில்லாத சாமான் சேர்” என்றார் பாஸ். “ரெண்டு ஹோஸையும் ஒண்டோட ஒண்டு சேர்த்துவிட்டாச் சரி. எல்லாரும் அப்படித்தான் செய்யிற.”

அவர் சொன்னது பொய்யல்ல. இலங்கையில் ஓடும் பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இந்த வளைவு ஹோஸைக் காணலாம். 1,500 ரூபாவில் அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஒழுக்கு நின்றது. வாசனை போனது. எஞ்சினுக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. மதுரங்குளிக்கும் கொழும்புக்கும் மட்டும் ஓடும் காராக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

டிசம்பரில் மகளைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போனோம். அவளுக்கு அங்கே ஆசிரியத் தொழில். குருநாகல், பேராதனை, கம்பளை கடந்து றம்பொடை வளைவுகளில் ஏறும்போது மாலை ஐந்து மணி. மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. நால்வரின் மூச்சும் கண்ணாடியில் படிந்தது. ஏசியைப் போட்டேன். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த வகையில் உதவும். ஆனால் வெளியே ஈரக்குளிர் நிறைந்திருக்கும்போது குளிர்ந்த காற்றைக் கண்ணாடியில் தொடர்ந்து அடித்தால், கண்ணாடி குளிர்ந்து வெளிப்புறத்திலும் ஆவி படியும். அதோடு உள்ளே இருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். ஏசி உலர்த்திய காற்றை ஹீட்டர் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்படிதான் அந்தக் காரை வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றை நாம் கழற்றி வைத்துவிட்டோம்.

மனைவி தன் துவாயால் எனக்கு முன்னால் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்த ஒரு சாண் இடைவெளியினூடாகப் பார்த்து, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் பாதையில் ஏறினேன். எதிரே தலைச்சுமையோடு வரும் தோட்டத்துப் பெண்கள் திடீர் திடீரென்று தோன்றினார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மீன்கார முதியவர்தான் என் கண்ணில் தெரிந்தார். ஓரிடத்தில் காரை நிறுத்திவிட்டு மூடுபனி கலையும்வரை உட்கார்ந்திருந்தோம். புதிய கோர் போடுவது என்று அங்கேதான் தீர்மானித்தேன்.

வீடு திரும்பிய பிறகு பாஸிடம் சொன்னேன். டாஷ்போர்ட் முழுவதையும் கழற்ற வேண்டும், இரண்டு நாள் வேலை, கூலி கட்டாது என்று தயங்கினார். அப்போது கைகொடுத்தவன் என் தங்கையின் மகன். மோட்டார் தொழில்நுட்பம் படித்தவன். “வீட்டிலேயே செய்யலாம் மாமா. அவசரப்படாம செய்தாச் சரி” என்றான்.

முதலில் சாமான் தேட வேண்டும். இலங்கையில் கார் உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தைதான். கொழும்பு மருதானைக்கு அருகே, வெட்டிப் பிரித்த வாகனங்களின் உறுப்புகள் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும் கடைகள். ஹீட்டர் கோர் என்றதும் இரண்டு கடைக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாமவர் பழையது ஒன்றை 6,000 ரூபாவுக்குக் காட்டினார். இன்னொரு கடையில் அலுமினியத்தில் செய்த புதியது 14,000 ரூபா. பழையதன் உட்புறம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? டாஷ்போர்டை இரண்டாம் முறை கழற்றும் தெம்பு எனக்கில்லை. புதியதையே வாங்கினேன். கடைகளில் அன்றைய பேச்செல்லாம் மீண்டும் தொடங்கிய இறக்குமதியைப் பற்றியதாகவே இருந்தது. வரியைக் கேட்டுவிட்டுப் பலரும் பழைய கார்களையே திருத்த வருவார்கள் என்று கடைக்காரர்கள் தெம்பாக இருந்தார்கள்.

வீட்டில் முதல் வேலையாக மருமகன் செய்தது, வாங்கி வந்த புதிய கோரைச் சோதித்தது. ஒரு குழாயை அடைத்து, மற்றதில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினான். சைக்கிள் டியூபில் ஓட்டை பார்க்கும் அதே முறை. குமிழி வரவில்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். கீழே உள்ள அடைப்பைக் கழற்றி நீரை ஒரு பேசினில் பிடித்தோம். அதை முற்றத்தில் ஊற்றப்போன என்னை மருமகன் தடுத்தான். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிப்பானது. ஆடும் பூனையும் நாயும் விரும்பி நக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைப் பழுதாக்கிக் கொன்றுவிடும். சிறு பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் ஊற்றி, கராஜில் ஒப்படைக்கும்படி எடுத்து வைத்தோம். ஆடு வளர்க்கும் ஊரில் இருந்துகொண்டு இதை நான் இவ்வளவு காலம் அறியாதிருந்தேன்.

பின்னர் பாட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்தோம். காற்றுப்பை உள்ள கார்களில் இது கட்டாயம். டாஷ்போர்டில் கைவைக்கும்போது அது வெடித்தால் முகம் மிஞ்சாது. ஒவ்வொரு ஆணியையும் கழற்றிய வரிசைப்படி பழைய முட்டைப் பெட்டியின் குழிகளில் போட்டு இலக்கமிட்டோம். ஒவ்வொரு வயர் இணைப்பையும் பிரிப்பதற்கு முன் போனில் படம் எடுத்தோம். மாலையாகும்போது டாஷ்போர்ட் மாமரத்தடிப் பாயில் கிடந்தது. கார் கண் பிடுங்கிய முகம் போல நின்றது. என் காரில் ஹீட்டர் பெட்டியும் ஏசிப் பெட்டியும் தனித்தனி என்பதால் ஏசி கேஸை வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டும் ஒன்றாக உள்ள கார்களில் அந்தப் பகுதியை ஏசி வேலை தெரிந்தவரிடம் விடுவதே சரி.

டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய உலகம் இருந்தது. எங்கள் ஊர் மணல், தென்னோலைத் துணுக்குகள், தொலைந்துபோனதாக நினைத்த என் பேனா மூடி. எல்லாவற்றுக்கும் அடியில் நடுவே ஓட்டை உள்ள ஒரு 5 யென் நாணயம். யாரோ ஒரு ஜப்பானியரின் சில்லறை. அவர் இந்த ஹீட்டரை ஒவ்வொரு குளிர்காலமும் நன்றியோடு பயன்படுத்தியிருப்பார்.

இரண்டாம் நாள் காலையில் பழைய கோர் வெளியே வந்தது. செம்பும் பித்தளையும் சேர்த்துப் பற்றவைத்தது. குழாயும் தொட்டியும் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மருமகன் அதைத் தட்டியபோது உள்ளிருந்து சுண்ணாம்புச் செதில்கள் உதிர்ந்தன. எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படிவது எதுவோ அதுவேதான் இதுவும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரை நிலத்தடியில் சுண்ணக்கல் படிவம் நீள்கிறது. அருவக்காட்டில் வெட்டியெடுக்கும் சுண்ணக்கல்லில்தான் புத்தளம் சீமெந்து உருவாகிறது. இந்தக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. கடலுக்கு அண்மையில் உவர்ப்பும் சேர்ந்துவிடும். அந்த நீரைத்தான் போத்தல் போத்தலாக நான் ரேடியேட்டருக்குள் ஊற்றியிருக்கிறேன். சூடேறும்போது சுண்ணாம்பு படியும். உப்பு உலோகத்தை அரிக்கும். ஓடும் நீரைவிட ஹீட்டருக்குள் தேங்கிக் கிடந்த நீர் கூடுதலாக அரித்தது. ‘வெப்பநாட்டுக்குக் கூலன்ட் எதற்கு, அது பனி உறையாமலிருக்கப் போடுவது’ என்று நினைப்பவர்கள் எங்களிடையே பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவையும் அரிப்பையும் தடுப்பது, கொதிநிலையை உயர்த்துவது ஆகிய மற்ற இரண்டும் எங்களுக்கே கூடுதலாகத் தேவையானவை.

புதிய கோரைச் சுற்றிப் பஞ்சுப் பட்டி ஒட்டிப் பெட்டிக்குள் இறக்கினோம். ஹோஸ்களையும் கிளிப்புகளையும் புதிதாகப் போட்டோம். டாஷ்போர்டை மூடுவதற்கு முன்னர் கூலன்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றி எஞ்சினை இயக்கினோம். ஹீட்டர் நெம்பை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே விட்டு, உள்ளே சிறைப்பட்ட காற்று குமிழி குமிழியாக வெளியேறும்வரை காத்திருந்தோம். காற்று தங்கிவிட்டால் ஹீட்டரும் சூடாகாது, எஞ்சினும் சூடேறிக் கெட்டுவிடும். ஒழுக்கு எங்குமில்லை என்று கைவிரலால் தடவிப் பார்த்து உறுதி செய்த பின்னரே மூடினோம். முட்டைப் பெட்டியில் ஓர் ஆணி மிச்சமாகிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி. வெளியே வெயில் தகித்தது. மின்விசிறியைப் போட்டதும் முகத்தில் அனல் அடித்தது. மருமகனும் நானும் வியர்வை வழிய உள்ளே உட்கார்ந்து சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். கராஜ் பாஸையும் குறை சொல்லமாட்டேன். இல்லாததை வைத்துச் சமாளிப்பது இந்த நாட்டில் ஒரு மரியாதைக்குரிய கலை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால் தலைவணங்க வேண்டும். ஆனால் அது வேறு வழியில்லாத காலத்தில் பிறந்தது. வழி இருக்கும்போதும் ஒழுகுவதை வெட்டிவிட்டு ஓடுவதே பழக்கமாகிவிட்டால் அதற்குப் பெயர் வேறு. என்னைப் பொறுத்தவரை அதற்கு முந்திய நான்கு மாதங்களில் சாமர்த்தியம்கூட இருக்கவில்லை. சோம்பல் மட்டுமே இருந்தது.

ஒரு வேலை பாக்கியிருந்தது. அந்த மாதக் கடைசியில் பத்துளுஓயாவுக்குப் போய், உடப்பிலிருந்து வரும் மீன் வியாபாரிகளிடம் அடையாளம் சொல்லி விசாரித்தேன். இரண்டு நாள் அலைந்த பின், மூன்றாம் நாள் காலையில் வீதியோரத்தில் அவரைக் கண்டேன். என்னை அவருக்கு உடனே ஞாபகம் வந்தது.

“ஐயா, அண்டைக்குப் பிழை உங்கட இல்ல. என்னுடையது. கார் பழுது என்று எனக்கு நாலு மாதமாத் தெரியும். திருத்தாம ஓட்டினன்” என்றேன்.

அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன பழுது?”

“ஹீட்டர்.”

“இந்த வெயிலுக்கா?”

விளக்கிச் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் சைக்கிளின் முன்பக்கத்தைக் காட்டினார். கைப்பிடியில் ஒரு சிறிய லைட் பூட்டியிருந்தது.

“நீங்க தந்த காசில வாங்கினது. என்ட பிழை என்டுதானே வாங்கினன்” என்றார்.

அதைக் கழற்ற வேண்டாம் என்றேன். கழற்றமாட்டேன் என்றார். அரைக் கிலோ மீன் வாங்கினேன். காசைச் சரியாக எண்ணி, மீதியையும் தந்தார். இந்த முறை நல்ல மனிதன் என்று அவர் சொல்லவில்லை. அதுவும் சரிதான்.

இதை வாசிப்பவர்கள் எந்த நாட்டிலும் இருக்கலாம். காருக்குள் பாகு வாசனை வந்தாலோ, கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் படலம் வந்தாலோ, பக்கத்தில் இருப்பவர் “செருப்பு ஒட்டுது” என்றாலோ, ஏசி தண்ணீர் என்று சொல்லி வாயடைக்காதீர்கள்.